பதினோரு நாள், ஒன்பது நாடு, ஒரு ஜன்னல்

போன வாரம் ஒரு வாசகர் போன் செய்தார். வங்கியிலிருந்து ரிட்டயர் ஆனவர். வருகிற இலையுதிர் காலத்தில் மனைவியோடு ஐரோப்பா போகிறாராம். முதல் தடவை. "ரெண்டு பேக்கேஜ் கைல இருக்கு சார். ஒண்ணு பதினோரு நாள், ஒன்பது நாடு. இன்னொண்ணு பதினாலு நாள், பதினோரு நாடு. காசு கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதுல போகலாம், நீங்க சொல்லுங்க."

"ரெண்டுலயும் போகாதீங்க" என்றேன்.

மறுமுனையில் சத்தம் இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக, "உங்களுக்குத் தெரிஞ்ச கம்பெனி வேற ஏதாவது இருக்கா சார்?" என்றார்.

காலம் அப்படி. ஒருவன் ஒன்றை வேண்டாம் என்றால், வேறு எதையோ விற்க வந்திருக்கிறான் என்றுதான் தோன்றுகிறது. எனக்கு விற்க ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பழைய கடன் இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் தீர்க்கப் போகிறேன்.

என் அக்கா முப்பத்திரண்டு வருஷம் டிராயிங் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சருக்கு ஒரு மரியாதை, டிராயிங் டீச்சருக்கு ஒரு மரியாதை என்பது உங்களுக்குத் தெரியும். பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது டிராயிங் பீரியட்தான். அக்கா அதற்கெல்லாம் அசந்ததில்லை. அவர் வீட்டு ஹாலில், சாமி படத்துக்குப் பக்கத்தில், காலண்டரிலிருந்து கிழித்து ஃபிரேம் போட்ட படம் ஒன்று இன்றைக்கும் தொங்குகிறது. வான்கா 1885-ல் வரைந்த 'உருளைக்கிழங்கு தின்பவர்கள்'. ஒரு விளக்கு, ஒரு மேஜை, ஐந்து பேர். "அந்தக் கையைப் பாருடா" என்பார் அக்கா. மண்ணைத் தோண்டிய அதே கையால் சாப்பிடுகிறார்கள் என்று வான்காவே தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அது தெரியாத வயதிலேயே அக்கா எனக்கு அதைக் காட்டிவிட்டார்.

மாமா ரிட்டயர் ஆனதும், "ஒரு தடவை ஐரோப்பா போய்ட்டு வாங்களேன்" என்று பேப்பரில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்து நீட்டியவன் நான். பதினோரு நாள், ஒன்பது நாடு. 2023 அக்டோபரில் போனார்கள். மாமாவின் பி.எஃப். பணத்தில் ஒரு பெரிய துண்டு போயிற்று.

ஆம்ஸ்டர்டாமில் பஸ் ஒரு புல்வெளியை ஒட்டி மெதுவாகப் போயிருக்கிறது. டூர் மேனேஜர் மைக்கில், "இடது பக்கம் தெரிவது வான்கா மியூசியம்" என்றிருக்கிறார். அக்கா உட்கார்ந்திருந்தது வலது பக்கம். பாதி எழுந்து, எதிர் வரிசையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த குடும்பத்தின் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்ப்பதற்குள் கட்டடம் போய்விட்டது. பஸ் கூப்பிடு தூரத்திலேயே நின்றது. வைரம் பட்டை தீட்டிக் காட்டும் கடை. முக்கால் மணி நேரம். "நான் மட்டும் என் காசுல டிக்கெட் வாங்கி அங்கே போய்ட்டு வரட்டுமா?" என்று அக்கா கேட்டிருக்கிறார். "டிக்கெட்டெல்லாம் முன்னாடியே ஆன்லைன்ல எடுக்கணும் மேடம், நேரம் குறிச்சுத் தருவாங்க, இப்ப முடியாது" என்றாராம் மேனேஜர். அவர் பொய் சொல்லவில்லை. அந்த மியூசியத்தின் நடைமுறை அதுதான்.

அந்தக் கட்டடத்துக்குள் வான்காவின் ஓவியங்கள் இருநூறுக்கு மேல், கோட்டோவியங்கள் ஏறக்குறைய ஐந்நூறு. 'உருளைக்கிழங்கு தின்பவர்கள்' அங்கேதான் மாட்டியிருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் காலண்டர் தாளில் பார்த்த படத்துக்கு நூறு அடி தள்ளி நின்று, என் அக்கா முக்கால் மணி நேரம் வாங்கப் போகாத வைரம் பார்த்தார்.

திரும்பி வந்ததும் "எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டேன். "எல்லாம் நல்லா இருந்துச்சு. பஸ்ல சீட் நல்ல மெத்துனு இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

டூர் கம்பெனி மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒன்பது நாடு காட்டுகிறோம் என்றார்கள், காட்டினார்கள். ஹோட்டல் சுத்தம். ராத்திரி ரசம் கூடக் கிடைத்ததாம். குற்றவாளி நான். அக்காவை ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது ஐரோப்பாவில் என்ன பார்க்க ஆசை என்று அவரைக் கேட்கவில்லை. எத்தனை நாடு என்று விளம்பரத்தைக் கேட்டேன்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் கலர் பிரசுரத்தை எடுங்கள். கூடவே ஒரு பென்சில்.

முதலில் அந்த ஒன்பதை எண்ணிப் பார்ப்போம். பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, லிக்டென்ஸ்டைன், ஆஸ்திரியா, இத்தாலி, வாடிகன். வாடிகன் அரை சதுர கிலோமீட்டர் கூடக் கிடையாது. ரோம் நகரத்துக்கு நடுவில் இருக்கிறது. ரோமுக்குப் போகிறவன் எப்படியும் அங்கே காலை வைத்துவிடுவான். அதைத் தனி நாடாக எண்ணுவது, சரவணப் பொய்கையையும் திருப்பரங்குன்றத்தையும் இரண்டு ஊராக எண்ணுவது மாதிரி. லிக்டென்ஸ்டைன் மொத்தமே 160 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426. சுவிட்சர்லாந்திலிருந்து ஆஸ்திரியா போகும் வழியில் பஸ் அங்கே நிற்கும். வாடுஸ் என்ற தலைநகரில் இறங்கினால் கட்டணம் வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டில் ஞாபகார்த்தமாக ஒரு முத்திரை குத்துவார்கள். ஒரு காப்பி, ஒரு முத்திரை, ஒரு நாடு. கணக்கில் ஏறிவிட்டது.

அடுத்து தூரம். பாரிஸில் ஆரம்பித்து பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், கருங்காடு, லூசெர்ன், வாடுஸ், இன்ஸ்ப்ரூக், வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம். கூட்டினால் சுமார் 2,600 கிலோமீட்டர் வருகிறது. சென்னையிலிருந்து டெல்லிக்கு ரோட்டில் போனாலே 2,200 தான். மணிக்கு சராசரி 70 கிலோமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 37 மணி நேரம் பஸ்ஸுக்குள். விமானத்தில் போக ஒரு நாள், வர ஒரு நாள் கழித்தால் மிச்சம் ஒன்பது நாள். ஒன்பது பகலில் நான்கு பகல் நெடுஞ்சாலை. ஐரோப்பிய நெடுஞ்சாலையில் தெரிவது என்ன என்கிறீர்களா? இரண்டு பக்கமும் சத்தத்தைத் தடுக்கிற சுவர். நடுநடுவே லாரி.

இன்னொன்று. அந்த ஊர் டிரைவரை நம் ஊர் டூரிஸ்ட் வேன் டிரைவர் மாதிரி "அண்ணே, இன்னும் கொஞ்ச தூரம்" என்று கெஞ்ச முடியாது. ஐரோப்பிய யூனியன் சட்டப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு எடுத்தாக வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. எல்லாவற்றையும் வண்டியில் உள்ள ஒரு கருவி பதிவு செய்துகொண்டே இருக்கும். அது நல்ல சட்டம். நம் உயிருக்கும் நல்லது. ஆனால் உங்கள் பயணத்தின் கடிகாரம் அந்தக் கருவிதான். ஈஃபில் கோபுரத்தடியில் நீங்கள் ஐந்து நிமிஷம் கூட நிற்கலாமா என்பதை டிரைவரின் ஓய்வு நேரம் முடிவு செய்கிறது. டூர் மேனேஜர் ஏன் எப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடுகிறார் என்று இப்போது புரிகிறதா? அவர் கொடுமைக்காரர் இல்லை. 2,600 கிலோமீட்டரை அவர் தலையில் கட்டியவர்கள் நாம்.

மூன்றாவது, இந்த 'நாடு' என்கிற சங்கதி. லக்ஸம்பர்க்கில் மோசெல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்று ஒரு சின்ன கிராமம். 1985 ஜூன் 14-ம் தேதி அங்கே ஒரு படகில் உட்கார்ந்து ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன: எங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று. இப்போது அதில் 29 நாடுகள். அகதிகள், பாதுகாப்பு என்று காரணம் சொல்லிச் சில எல்லைகளில் போலீஸ் சோதனை திரும்ப வந்திருக்கிறது என்றாலும், பெல்ஜியம் முடிந்து நெதர்லாந்து ஆரம்பிக்கும் இடத்தில் பஸ்ஸில் தூங்குகிறவன் எழுந்திருக்கத் தேவையில்லை. எல்லையை அழிக்க அவர்கள் நாற்பது வருஷமாகப் பாடுபடுகிறார்கள். நாம் லட்சக்கணக்கில் செலவு செய்து அந்த எல்லைகளைத் தேடிப் போய் எண்ணிக்கொண்டிருக்கிறோம்! முத்திரைக்கும் வழியில்லை. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புது முறையில் கைரேகையும் முகமும் கம்ப்யூட்டரில் பதிவாகின்றன. பாஸ்போர்ட்டில் மை பட்ட காலம் முடிகிறது. இனி வாடுஸ் காப்பிக்கடை முத்திரைதான் கதி.

அப்படியானால் யாருக்காக எண்ணுகிறோம்? உங்களுக்கே தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "ஐரோப்பா போனீங்களாமே, எத்தனை நாடு?" என்று கேட்பார். அவருக்காக. "ஒன்பது" என்றால் புருவம் ஏறும். "ரெண்டு" என்றால், "அவ்வளவுதானா?" என்று பாயசத்துக்குத் திரும்பிவிடுவார். அந்த அரை நிமிஷப் புருவத்துக்காக முப்பது வருஷச் சேமிப்பு.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "போனது போறோம், பக்கத்துலயே இருக்கு, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமே. இன்னொரு தடவை போக முடியுமா சார்?"

இதுதான் கூட்டத்தில் உள்ளதிலேயே வலுவான வாதம். அதனால் மரியாதையோடு பதில் சொல்கிறேன். சிலருக்கு இன்னொரு தடவை முடியும். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கான விதி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு, அடுத்து இரண்டு வருஷத்துக்குப் பல முறை போய்வரும் விசாவும், அதன்பின் ஐந்து வருஷ விசாவும் தர வழி செய்திருக்கிறார்கள். ஆனால் விசா கிடைத்தால் போதுமா, பணம் வேண்டாமா? நிறையப் பேருக்கு இது ஒரே ஒரு தடவைதான். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சொல்கிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு கல்யாணச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் ஒன்பது இலையிலும் ஒவ்வொரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவீர்களா, ஒரு இலையில் உட்கார்ந்து ரசம், மோர் வரைக்கும் சாப்பிடுவீர்களா? ஒரே தடவை என்பது அவசரப்படுவதற்கான காரணமா, நிதானப்படுவதற்கான காரணமா?

அடுத்த வாதம், பாஷையும் சாப்பாடும். "தனியாப் போனா தயிர்சாதத்துக்கு எங்கே போறது?" பாரிஸில் கார் து நோர் என்ற பெரிய ரயில் நிலையத்திலிருந்து பொடி நடையாக லா ஷப்பேல் போங்கள். கடைப் பலகையெல்லாம் தமிழ். முருங்கைக்காய் தொங்கும். ஈழத்திலிருந்து போரில் தப்பி வந்தவர்கள் பாஷை தெரியாத ஊரில் கையூன்றி எழுந்து உண்டாக்கிய கடைத்தெரு அது. பிள்ளையார் கோயில் இருக்கிறது. வருஷா வருஷம் தேர் இழுக்கிறார்கள். தோசையும் உண்டு, பிட்டும் உண்டு. கையில் ஒன்றுமில்லாமல் வந்து சேர்ந்தவர்களே அங்கே வாழ்ந்து காட்டியிருக்கும்போது, பாஸ்போர்ட்டும் ரிட்டர்ன் டிக்கெட்டும் இன்ஷூரன்ஸும் வைத்துக்கொண்டு நாம் பயப்படுவது கொஞ்சம் கூச்சமாக இல்லையா? மற்ற ஊர்களில் ரொட்டி, பழம், தயிர் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு. பாஷைக்குக் கையில் போன் இருக்கிறது.

முழங்கால் வலி, பெட்டி தூக்க முடியாது, தனியாகப் போக நிஜமாகவே பயம் என்பவர்களுக்குக் குரூப் டூர்தான் சரி. அவர்களைக் கிண்டல் செய்கிற மேதாவிக் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் அவர்களும் ஒரு கேள்வி கேட்கலாம். எத்தனை நாடு என்று கேட்காமல், "எத்தனை தடவை பெட்டி கட்டணும்?" என்று கேளுங்கள். அக்கா பத்து ராத்திரியில் எட்டு தடவை பெட்டி கட்டினார். ஒரே ஊரில் மூன்று நான்கு ராத்திரி தங்க வைக்கிற டூர்களும் இருக்கின்றன. தேடினால் கிடைக்கும். விளம்பரம் சின்னதாக இருக்கும், ஏனென்றால் சொல்லிக்கொள்ள நாடு அதிகம் இருக்காது.

சரி, இலையுதிர் காலத்துக்கு வருவோம். இந்த ஒரு விஷயத்தில் நம் வாசகர் நூற்றுக்கு நூறு வாங்குகிறார். பள்ளிக்கூட லீவை நம்பி மே மாதம் கிளம்புகிற கூட்டமும், ஜூலை ஆகஸ்டில் ஐரோப்பாக்காரர்களே லீவு போட்டுச் சுற்றுகிற கூட்டமும் ஓய்ந்திருக்கும். பாரிஸில் அக்டோபர் பகல் பதினைந்து, பதினாறு டிகிரி. கொடைக்கானலில் பழகிய ஸ்வெட்டரோடு, மழை தாங்கும் ஒரு கோட் போதும். ரோமில் அதுவும் சில பகலில் வேண்டாம். நம் முன்னோர் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்று பெயர் வைத்து வீட்டுக்குள் அடைந்தார்கள். அதே ஐப்பசியில் அங்கே மரமெல்லாம் மஞ்சளும் செம்புமாகப் பற்றி எரிகிற மாதிரி நிற்கும்.

ஆனால் இந்தப் பருவத்துக்கு ஒரு கண்டிஷன் உண்டு. அவசரக்காரனை அதற்குப் பிடிக்காது. செப்டம்பர் கடைசியில் பாரிஸில் ராத்திரி ஏழரை வரை வெளிச்சம். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்கப்புறம் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் கிளம்பிவிடும். ஒன்பது நாடு பேக்கேஜில் அந்தச் சின்னப் பகலையும் பஸ் தின்றுவிடும். மத்தியானம் மூன்றரைக்கு ஊர் எல்லை, நாலரைக்கு ஹோட்டல், ஐந்தரைக்கு இருட்டு. வெனிஸில் இலையுதிர் காலம்தான் வெள்ளம் ஏறுகிற காலமும். 2019 நவம்பர் 12 அன்று 187 சென்டிமீட்டர் ஏறியது. 2020 அக்டோபரிலிருந்து கடலில் தடுப்புக் கதவுகளைத் தூக்கிச் சமாளிக்கிறார்கள். மூன்று நாள் தங்குகிறவன் மழை விட்டதும் பார்த்துக்கொள்வான். மூன்று மணி நேரத்துக்கு வந்தவன் குடையைத்தான் பார்ப்பான்.

செப்டம்பர் கடைசியில் மியூனிக் பக்கம் போகாதீர்கள். பீர் திருவிழா, ஹோட்டல் வாடகை தலைக்கு ஏறியிருக்கும். நவம்பர் 1 கல்லறைத் திருநாள் சமயம், கத்தோலிக்க நாடுகள் பலவற்றில் விடுமுறை. ஓவியர் மோனேயின் தோட்டம் இருக்கும் ஜிவெர்னி, அன்றைய தேதியோடு கதவைச் சாத்தினால் ஏப்ரலில்தான் திறக்கும். லூவ்ர் செவ்வாய்க்கிழமை லீவு, ஓர்சே திங்கட்கிழமை லீவு. செவ்வாய்க்கிழமை பாரிஸைக் 'கடக்கிற' பஸ்காரருக்கு லூவ்ர் என்பது கண்ணாடிப் பிரமிடு மட்டும்தான்.

இனி விசா. எல்லோரும் திட்டுகிற அந்த விண்ணப்பத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி இருக்கிறது. பல நாடு போகிறவர், எந்த நாட்டில் அதிக நாள் தங்கப் போகிறாரோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் சமமான நாள் என்றால்தான் முதலில் நுழைகிற நாடு. அதாவது அதிகாரி உங்களைக் கேட்கும் முதல் கேள்வி: 'ஐயா, நீங்கள் முக்கியமாக எங்கே போகிறீர்கள்?' எவ்வளவு நல்ல கேள்வி! சொந்தத் தம்பி நான் அக்காவிடம் கேட்காததை ஒரு விண்ணப்பப் படிவம் கேட்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு ராத்திரி என்பவனிடம் அதற்கு நேர்மையான பதில் இல்லை.

பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் வரை காத்திருந்து அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் புலம்பாதீர்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வாங்கியதாகவும், ஊர் திரும்பும் தேதிக்கு அப்புறமும் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். விசா கையில் வரும் வரை, கேன்சல் செய்தால் காசு திரும்பாத ஹோட்டல் எதையும் எடுக்காதீர்கள். லண்டனையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று சபலம் வந்தால், அதற்குத் தனி விசா, தனிக் காசு. அடுத்த ஜென்மத்துக்கு வையுங்கள், அல்லது அடுத்த வருஷத்துக்கு.

அக்காவுக்கு நான் போட்டிருக்க வேண்டிய திட்டம் இதுதான். பல வருஷம் தாமதமாக உங்களுக்குத் தருகிறேன். ஆம்ஸ்டர்டாமில் இறங்கி நான்கு ராத்திரி. வான்கா மியூசியத்துக்கு ஊரிலிருந்தே நேரம் குறித்த டிக்கெட். அங்கிருந்து ரயிலில் மூன்றே கால், மூன்றரை மணி நேரத்தில் பாரிஸ், ஐந்து ராத்திரி. அங்கே ஓர்சே மியூசியத்தில் வான்கா வரைந்த ஓவேர் கிராமத்துச் சர்ச் படம் இருக்கிறது. மறுநாள் ஒரு மணி நேரம் ரயிலில் போனால் அந்த ஓவேர் கிராமமே இருக்கிறது. சர்ச்சும் அப்படியே நிற்கிறது. 1890 ஜூலையில் செத்துப்போன வான்காவும் தம்பி தியோவும் அங்கே பக்கத்துப் பக்கத்துக் குழியில் படுத்திருக்கிறார்கள். படத்தையும் பார்த்து, படத்தில் உள்ள இடத்தையும் பார்க்கிற பாக்கியம் எந்தப் பஸ்ஸில் கிடைக்கும்? அப்புறம் நான்கு மணி நேர ரயிலில் சூரிக், இன்னொரு முக்கால் மணியில் லூசெர்ன். நான்கு ராத்திரி ஏரியும் மலையும். சூரிக்கில் விமானம் ஏறி ஊர். பதிமூன்று ராத்திரி, மூன்று நாடு, இரண்டே தடவை இடம் மாற்றம், மொத்தம் ஒன்பது மணி நேர ரயில். இறங்கிய ஊருக்கே திரும்பி வந்து ஏறுகிற வீண் அலைச்சலும் இல்லை. அதிக ராத்திரி பாரிஸில் என்பதால் பிரான்ஸிடம் விசா. முடிந்தது கதை.

இந்த மூன்று ஊர் வேதவாக்கு இல்லை. உங்களுக்கு வான்கா வேண்டாம் என்றால் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர் லூர்து போகலாம், கால்பந்துப் பைத்தியம் பார்சலோனா போகலாம். ஆனால் பென்சிலை எடுக்கும் முன் கூட வருகிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அதைக் கேட்காமல் போடுகிற எந்தத் திட்டமும் ஜன்னல் சீட்டுத் திட்டம்தான்.

நம் வாசகரிடமும் அதைத்தான் கேட்டேன். "உங்க வீட்டம்மா அங்கே என்ன பார்க்க ஆசைப்படறாங்க?"

"அவளா? அவளைக் கேக்கலையே சார்" என்றார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். குரலே வேறு மாதிரி இருந்தது. "சார், கேட்டேன். கல்யாணமான புதுசுல மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஊட்டி ரயில்ல போனோம். அந்த எஞ்சின் சுவிட்சர்லாந்துலேர்ந்து வந்ததுனு அப்ப யாரோ சொன்னாங்களாம். அது பொறந்த ஊர்ல அந்த மாதிரி ரயில்ல ஒரு தடவை ஏறணுமாம். முப்பத்தெட்டு வருஷமா மனசுல வெச்சிருக்கா சார், எங்கிட்ட சொன்னதே இல்ல."

அந்த அம்மாள் சொன்னது சரி. ஊட்டி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் செய்தவை. தண்டவாளத்துக்கு நடுவே அது கவ்விக்கொண்டு ஏறுகிற பல் அமைப்பு ஆப்ட் என்ற சுவிஸ் எஞ்சினீயருடையது. லூசெர்னிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் பிரியென்ஸ் என்ற ஏரிக்கரை ஊர். 1892-லிருந்து அங்கே ரோட்ஹார்ன் மலைமேல் அதே ஆப்ட் முறையில் நீராவி ரயில் ஏறுகிறது. நம் ஊட்டி ரயிலுக்குக் கூடப் பிறந்த அக்கா என்று சொல்லலாம். அக்டோபரோடு சீசன் முடிந்துவிடும், அதனால் அக்டோபர் முதல் பாதிக்குள் போய்விடுங்கள் என்று சொன்னேன்.

எழுதிக்கொண்டார். கொஞ்சம் தயங்கினார். "ஆனா சார், அப்ப அது ஒரு நாடுதானே ஆகுது?"

"ஆமாம் சார். ஒரே ஒரு நாடு."

"யாராவது கேட்டா?"

"மலை ஏறினோம்னு சொல்லுங்க" என்றேன்.